எந்த வருஷத்துக் காய்ச்சல்?

(நாள்பட்ட வலி குறித்து மயிலாப்பூரில் நடந்த கருத்தரங்கின் தலைமை உரை)

தலைமை உரைக்கென்று ஒரு மரபு உண்டு. துறை முழுவதையும் அரைமணி நேரத்தில் சுற்றிக் காட்டிவிட்டு, அமர்வுத் தலைவர்களை வாழ்த்திவிட்டு இறங்கிவிட வேண்டும். இந்த நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவர்கள் அதைச் செவ்வனே செய்தார்கள். இன்று உட்கார வைக்கப்பட்டவருக்குப் பெருமைதான். கூடவே கொஞ்சம் படபடப்பும் உண்டு. முன்வரிசையில் பாதிப்பேர் அவருக்குப் பாடம் எடுத்தவர்கள். மீதிப்பேர் அவர் எழுதியதற்கு மறுப்பு எழுதியவர்கள்.

அழைப்பிதழில் அச்சிட்ட பொருள்: முதுகெலும்பு, மூட்டு, தசை, நரம்பு ஆகியவற்றின் நாள்பட்ட வலிகள். இந்த அவைக்கு அடிப்படை சொல்லித் தருவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு அதை ஒரு நோயாகவே ஏற்று, 2022 முதல் தனிக் குறியீடுகளும் தந்துவிட்டது. இடுப்பு வலியோடு வாழ்பவர்கள் 2020இல் உலகம் முழுக்க சுமார் 62 கோடிப் பேர். 2050க்குள் 84 கோடியைத் தாண்டலாம் என்பது கணிப்பு. வலியே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களைத் தொகுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு. அப்படியும் ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் “ஜவ்வு விலகியிருக்கு” என்று சொல்லி பெல்ட் எழுதித் தருவது நின்றபாடில்லை.

நரம்பைப் பற்றிச் சொல்ல நம்மூர்க் கணக்கே இருக்கிறது. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 26 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு. தசைவலியில் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு 1990இல் வகுத்த ‘18 இடத்தில் 11 இடம் வலிக்க வேண்டும்’ என்ற விதி 2010இல் கைவிடப்பட்டது. இன்னும் விரலால் அழுத்தி எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்கள் பிற்பகல் அமர்வைத் தவறவிட வேண்டாம்.

தி. நகரை விட்டுவிட்டு முதுகுவலி பற்றிப் பேச முடியாது. ரங்கநாதன் தெருத் துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு, ஸ்டூல் போட்டு உட்காரும் உரிமை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகத்தான் வந்தது. திருத்தப்பட்டது 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். கேரளம் அதை 2018இலேயே செய்துவிட்டது. கணுக்கால் வீங்கி வந்த எத்தனையோ பேருக்கு இங்கிருப்பவர்கள் மாத்திரை எழுதினார்கள். ஸ்டூல் எழுதியது தொழிலாளர் துறை. அதற்கென ஓர் அமர்வே இருக்கிறது. இந்த உரை அந்த வேலையில் குறுக்கிடாது.

இதோடு பொருளுக்குச் செய்ய வேண்டிய மரியாதை முடிந்தது. இனி நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம்.

ஒரு காட்சி. மாடவீதிப் பக்கத்திலிருந்து அறுபது வயதை ஒட்டிய அம்மாள் ஒருவர் வருகிறார். காலையில் குழாயைத் திருக முடியவில்லை. ஈரத் துணியைப் பிழிய மணிக்கட்டு விடுவதில்லை. கோலம் போடக் குந்தினால் எழுந்திருக்க யாராவது கைகொடுக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகுகிறது. பையில் நான்கு வருஷத்து எக்ஸ்ரே. எல்லா ரிப்போர்ட்டிலும் ‘தேய்மானம்’. டாக்டர் கேட்கிறார்: “எப்பம்மா ஆரம்பிச்சுது?” அம்மாள் சொல்கிறார்: “அந்த ஜுரத்துக்கு அப்புறந்தான் டாக்டர். தெருவே படுத்துச்சே, அப்போ.” டாக்டர் தலையாட்டிவிட்டு முட்டியைத் தொட்டுப் பார்க்கிறார். ஜுரம் கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. இப்படி ஓர் அம்மாள் வராத புறநோயாளிப் பிரிவு அடையாறிலிருந்து ராயப்பேட்டை வரை இருக்காது.

அவர் சொன்னது சிக்குன்குனியா. 2006இல் நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் பேருக்கு இருக்கலாம் என்று அரசுக் கணக்கே சொன்ன காய்ச்சல். அப்போது சென்னையில் கேட்ட பேச்சு, ‘புதுசா ஒரு ஜுரம் வந்திருக்கு’ என்பது. பாமரர் அப்படிச் சொன்னதில் தவறில்லை. மருத்துவர்கள் சொன்னதுதான் வருத்தம்.

ஏனென்றால் 1964இல் இதே ஊர் இதே காய்ச்சலில் படுத்திருக்கிறது. 1963இல் கல்கத்தா, அடுத்த ஆண்டு சென்னை, வேலூர், 1965இல் விசாகப்பட்டினம், ராஜமுந்திரி, காக்கிநாடா, 1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சி. அதன்பின் முப்பது ஆண்டுக்கு மேல் அமைதி. 1964இல் சென்னையில் மட்டும் பாதிக்கப்பட்டோர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். இதற்கான சான்று ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழின் 53ஆம் தொகுதி, 1965. வேலூர் சி.எம்.சி.யின் மையர்ஸ், கேரி, ரூபன் குழு மனித ரத்தத்திலிருந்தும் கொசுவிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்த கட்டுரை 694ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. சென்னை நகரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைக் கணக்கெடுப்பு 707இல். கே.வி. திருவேங்கடமும் சகாக்களும் சென்னை நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை 729இல். வேலூரின் பெரியவர்களைப் பற்றி 756. குழந்தைகளைப் பற்றி 764. ஒரே தொகுதிக்குள் ஒரு மாநிலத்தின் கொள்ளைநோய்.

திருவேங்கடத்திடம் வார்டில் நின்று பாடம் கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். நோயாளியின் கதையைக் கேட்பதில் அவருக்கு நிகர் அவர்தான் என்று மேடைதோறும் சொல்வோம். அவருடைய அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படித்திருக்கிறோம் என்பதை மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.

அந்தத் தொகுதியிலும் ஒரு குறை உண்டு. புகழ்ந்த கையோடு அதையும் சொல்வதே நேர்மை. வைரஸ், கொசு, ரத்தம், காய்ச்சலின் போக்கு என்று தலைப்புகள் வரிசையாக நிற்கின்றன. காய்ச்சல் விட்டு ஐந்து வருஷம் கழித்து அந்த நோயாளிகளின் மணிக்கட்டு எப்படி இருந்தது என்று கேட்கும் தலைப்பு அந்த வரிசையில் இல்லை. அந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொன்னது தென்னாப்பிரிக்கா: 1983இல் பிரைட்டனும் சகாக்களும் 107 பேரைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் சுமார் 12 சதவீதம் பேருக்கு மூட்டில் வலியோ பிடிப்போ மிச்சமிருந்தது. சிறிய ஆய்வுதான், சதவீதத்தை அப்படியே சென்னையில் ஒட்ட முடியாது. ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தது நம்மிடம். திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தது அவர்கள்.

இப்போது, பலரும் எதிர்பார்த்தபடி, 1964ஐ மறந்த நாம் மறக்காமல் எழுதும் ஆண்டு: 1780.

இந்தியாவில் டெங்கு பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே வரியோடு தொடங்குகின்றன: ‘1780இல் மெட்ராஸில் டெங்கு போன்ற நோய் முதன்முதலாகப் பதிவானது.’ அந்த வரிக்கு அடிக்குறிப்பாக நிற்பது பெரும்பாலும் இன்னொரு பிற்காலக் கட்டுரைதான். அதன் அடிக்குறிப்பு மற்றொன்று. 1780இல் வைரஸ் என்ற கருத்தே கிடையாது. கொசுவின் மேல் யாருக்கும் சந்தேகமில்லை. ‘டெங்கு போன்ற’ என்பதில் உள்ள ‘போன்ற’ மட்டும் ஆண்டுக்காண்டு தேய்ந்து, இப்போது சில மலர்களில் ‘இந்தியாவின் முதல் டெங்கு, மெட்ராஸ், 1780’ என்றே அச்சாகிறது. இந்தியாவில் ஆய்வகச் சான்றோடு நிறுவப்பட்ட முதல் டெங்குக் கொள்ளைநோய் 1963–64இல் கல்கத்தாவிலும் கிழக்குக் கடற்கரையிலும்தான்.

பழைய ‘டெங்கு’ டெங்குதானா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிட்டவர் வேலூர்க்காரரே. டொனால்டு கேரி குழு 1964இல் ‘சயின்ஸ்’ இதழில் தென்னிந்தியக் கொசுக்களில் டெங்கு 1, 4 வகைகளைக் காட்டியது. அதே காலத்தில் அதே வட்டாரத்தில் சிக்குன்குனியாவையும் கண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர் அவர். 1971இல் மருத்துவ வரலாற்று இதழில் ஒரு கட்டுரை எழுதினார்: 1779இல் படேவியாவில் தானே படுத்து எழுந்து நோயை விவரித்த டேவிட் பைலோன் என்ற அறுவை மருத்துவர் கண்டது டெங்கு அல்ல, சிக்குன்குனியாவாக இருக்கலாம், 1824இலும் 1870களின் தொடக்கத்திலும் இந்தியாவைச் சுற்றிய ‘டெங்கு’வும் அப்படியே. 2015இல் ஸ்காட் ஹால்ஸ்டெட் அந்த வாதத்தை அமெரிக்கக் கண்டங்களுக்கு நீட்டினார். அதே ஆண்டு கோரோ குனோ கடுமையாக மறுத்தார்: பழைய மூட்டுவலி வர்ணனையை மட்டும் நம்பி வைரஸை நிர்ணயிப்பது சரியாகாது என்பது அவர் எதிர்ப்பின் சாரம்.

சென்னையில் குனோவின் பக்கம் நின்று எழுதிய நண்பர் முன்வரிசையில் இருக்கிறார். இந்தத் தலைவரின் பழைய கட்டுரையை ‘ஆர்வமிக்கது’ என்று குறிப்பிட்டவர். அந்தச் சொல்லின் எடை அவையோருக்குத் தெரியும். அவருக்கு ஒன்றை விட்டுக்கொடுத்துவிடலாம்: 1780க்கு எந்த வைரஸ் காரணம் என்பதை இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. பதிலுக்கு அவரும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். டெங்குவில் உடம்பு முறித்துப் போடும். காய்ச்சல் விட்டால் வலியும் பெரும்பாலும் விட்டுவிடும். மாதக்கணக்கில் மூட்டைப் பிடித்துக்கொள்வது சிக்குன்குனியாவின் குணம். இரு தரப்பாரும் அந்த நீண்ட வலியை வைரஸைக் கண்டுபிடிக்க உதவும் தடயமாக மட்டுமே பார்த்தார்கள். வலிப்பட்டவரின் கதை என்ன ஆயிற்று என்று ஹால்ஸ்டெட்டும் கேட்கவில்லை, குனோவும் கேட்கவில்லை. வலி மருத்துவர்கள் இந்தச் சண்டைக்குள் வரவேண்டியது அந்த இடத்தில்தான்.

உடனே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பு. 2011இல் சென்னையின் 50 இடங்களில் சுமார் ஆயிரம் பேரிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 93 சதவீதம் பேருக்கு டெங்கு, 44 சதவீதம் பேருக்கு சிக்குன்குனியா வந்துபோன அடையாளம் இருந்தது. பாதி ஊருக்கு வந்துபோன ஒன்றை எந்த முட்டிவலிக்கும் காரணம் காட்டலாமே? காட்டக் கூடாது. ரத்தத்தில் பழைய எதிர்ப்புப் பொருள் இருப்பது வலிக்குச் சாட்சி ஆகாது. அதனால்தான் இந்த உரை பரிசோதனை கேட்கவில்லை, தேதி கேட்கிறது. காய்ச்சலுக்கு முன் மூட்டு எப்படி, பின் எப்படி. இரண்டு பக்கமுமா, ஒரு பக்கமா. மணிக்கட்டும் விரலும் கணுக்காலுமா, முட்டி மட்டுமா. காலைப் பிடிப்பு எவ்வளவு நேரம். நான்கு கேள்வி, இரண்டு நிமிஷம். இதற்கு லேப் பில் கிடையாது; ஒருவேளை அதனால்தான் யாரும் கேட்பதில்லையோ என்னவோ.

கேட்டால் மருந்து மாறுமா? மாறும். 2006இல் குளோரோக்வின் கையில் கிடைத்தவருக்கெல்லாம் போனது. புனேயில் அர்விந்த் சோப்ரா குழு அதை மெலாக்ஸிகாமோடு ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில் குளோரோக்வினுக்குக் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. கோழிக்கோட்டில் நாள்பட்ட சிக்குன்குனியா மூட்டழற்சிக்கு மெத்தோட்ரெக்ஸேட் சேர்ந்த கூட்டு மருந்து, ஹைட்ராக்ஸிகுளோரோக்வினைத் தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்று 2017இல் காட்டினார்கள். அழற்சியா, தேய்மானமா என்ற முடிவு இங்கே மருந்தையே மாற்றுகிறது. அந்த அம்மாளுக்கு எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் முட்டி உறையும் அழற்சியைத் தொடவே தொடாது.

சித்த மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. யூகி வைத்திய சிந்தாமணியின் 80 வாத வகைகளை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இந்தக் கருத்தரங்குக்கும் வந்திருக்கின்றன; வரவேற்கத்தக்கது. ஆனால் காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் வாங்கிப் போனவர்களின் மூட்டு ஓராண்டு கழித்து எப்படி இருந்தது என்ற பதிவேடு இருந்தால், அது எண்பதையும் விடப் பெரிய சொத்து. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செய்ய இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆக மூன்று கோரிக்கைகள். ஒன்று: இந்த அவை தன் புறநோயாளி கேஸ் ஷீட்டில் ‘வலிக்கு முன் காய்ச்சல் – ஆண்டு, மாதம்’ என்று ஒரு வரி சேர்க்கத் தீர்மானம் போடட்டும். இரண்டு: 1965ஆம் ஆண்டுத் தொகுதியின் சென்னை, வேலூர்க் கட்டுரைகளை முதலாண்டு முதுகலை மாணவர்களுக்குக் கட்டாயப் படிப்பாக வைக்கட்டும். மூன்று: கருத்தரங்கு மலரில் அச்சாகப்போகும் கட்டுரைகளில் ‘1780 மெட்ராஸ்’ வந்தால், மூல ஆவணத்தைப் பார்த்தவர்கள் மட்டும் எழுதலாம் என்று பதிப்பாசிரியர் விதி போடட்டும். மூன்றாவது கோரிக்கையால் மலரின் பக்கம் கணிசமாகக் குறையும் என்று பதிப்பாசிரியர் இப்போதே கவலைப்படுகிறார்.

அமைப்பாளர் இரண்டாவது முறையாகத் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். முதல் அமர்வு முதுகெலும்பு பற்றியது. நேரத்தைத் தின்றதற்கு அதன் தலைவர் பொறுத்தருள வேண்டும். முன்வரிசை நண்பர் மறுப்பை எழுதி வைத்துக்கொண்டிருப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அவருக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கும்படி தலைமை கேட்டுக்கொள்கிறது. 44 சதவீதக் கணக்கிலிருந்து அவர் தொடங்கட்டும், பதில் சொல்ல இந்தப் பக்கம் தயாராக இருக்கிறது.