சந்தேகம் தீர்ப்பு ஆகாது

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பாலஸ்தீனச் செய்திகளைப் பார்த்துவிட்டு நம் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஓர் அரசாங்கம் ஒரு பக்கம் சமாதானம் பேசிக்கொண்டே, மறு பக்கம் "தீவிரவாதி என்று சந்தேகம்" என்று சொல்லி ஆட்களைப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளிவிடலாமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தக் கேள்விக்குப் பாலஸ்தீனம் வரை போக வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. இலங்கைத் தமிழ் இளைஞர்கள் இங்கே வந்து தங்கிப் பயிற்சி பெற்ற காலம் அது. நம் சேலம் மாவட்டத்தில், மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கத்தில்கூட விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும்.

1985 ஜூலையிலும் ஆகஸ்டிலும், பூட்டான் தலைநகர் திம்புவில், இந்தியாவின் ஏற்பாட்டில் இலங்கை அரசும் தமிழ் இயக்கங்களும் பேச்சுவார்த்தை நடத்தின. போர் நிறுத்தம் அமலில் இருக்கும்போதே வவுனியாவில் தமிழர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. ஆகஸ்ட் 17-ஆம் தேதி தமிழர் தரப்பு வெளியேறியது. அடுத்த ஒரு வாரத்துக்குள் ராஜீவ் காந்தி அரசு மூன்று பேரை நாடு கடத்த உத்தரவிட்டது: புலிகளின் ஆலோசகர் அன்டன் பாலசிங்கம், டெலோவின் சார்பில் பேசிய சத்தியேந்திரா, தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன். இதில் சந்திரகாசன் ஆயுதம் எடுத்தவர் அல்ல; அகதிகளுக்காக வேலை செய்துகொண்டிருந்த வழக்கறிஞர்.

இவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. பாலசிங்கத்தை லண்டனுக்கும் சந்திரகாசனை அமெரிக்காவுக்கும் விமானம் ஏற்றினார்கள். தமிழ்நாடு கொதித்தது. கலைஞர் தலைமையிலான டெசோ அமைப்பு ஊர்வலமும் போராட்டமும் நடத்தியது. சந்திரகாசன் திரும்பி வந்தார். அந்த வருடம் முடிவதற்குள் பாலசிங்கமும் சென்னையில் இருந்தார். உத்தரவால் கிடைத்த லாபம் என்ன? திம்புப் பேச்சு மீண்டும் உயிர் பெறவில்லை. இந்தியா நடுநிலையாக நிற்கும் என்ற நம்பிக்கைதான் குறைந்தது.

இனி பாலஸ்தீனத்துக்கு வருவோம். 1991-ல் மாட்ரிட் மாநாட்டில் தொடங்கிய பேச்சு, 1992 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்துகொண்டிருந்தது. அப்போது இஸ்ரேலிய எல்லைக் காவலர் ஒருவரை ஹமாஸைச் சேர்ந்தவர்கள் கடத்திக் கொன்றார்கள். பிடித்து வைத்த ஆளைக் கொல்வது அக்கிரமம். அதை நாம் தயக்கமில்லாமல் சொல்ல வேண்டும். அவருக்கும் வீடு இருந்தது, குடும்பம் இருந்தது.

ஆனால் பிரதமர் ராபின் அரசு என்ன செய்தது? கொன்றவர்களைத் தேடிப் பிடித்துத் தண்டிப்பதோடு நிற்கவில்லை. ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் ஆதரவாளர்கள் என்று சந்தேகப்பட்ட 415 பேரைக் கண்ணைக் கட்டி, கையைக் கட்டி, பஸ்களில் ஏற்றி, டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு லெபனானில் கொண்டுபோய் விட்டது. டாக்டர்கள், பேராசிரியர்கள், இமாம்கள் அதில் இருந்தார்கள். லெபனான் அவர்களை ஏற்க மறுத்தது. மர்ஜ் அஸ்ஸுஹூர் என்ற மலைப்பகுதியில், பனியில், கூடாரத்தில் கிடந்தார்கள். சிலரைத் தவறுதலாகப் பிடித்து அனுப்பிவிட்டோம் என்று இஸ்ரேலே பிறகு ஒப்புக்கொண்டது. முதலில் விசாரித்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்குமா?

அரசாங்கத்தின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "எங்கள் மக்களைக் காப்பது எங்கள் கடமை. பேச்சைக் கெடுக்க நினைப்பவர்களை ஒதுக்கினால்தான் பேச விரும்புகிறவர்களோடு பேச முடியும். இது நிரந்தரமல்ல, இரண்டு வருடத்துக்குள் முடிவது" என்றார்கள். இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் 1993 ஜனவரியில் தனித்தனி உத்தரவுகள் செல்லும் என்றது. அவர்கள் தரப்பைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றது. முதலில் தண்டனை, பிறகு விசாரணை!

எதிர் வாதம் எளிமையானது. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தின் மக்களை, காரணம் எதுவானாலும், வெளியே கடத்தக்கூடாது என்கிறது 1949-ஆம் வருட நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 49-ஆம் பிரிவு. மறுநாளே ஐ.நா. பாதுகாப்புச் சபை 799-ஆம் தீர்மானத்தில் அனைவரையும் உடனே திருப்பி அழைக்கச் சொன்னது.

விளைவைப் பாருங்கள். பாலஸ்தீனப் பிரதிநிதிகள் 1993 ஏப்ரல் வரை வாஷிங்டன் மேசைக்குத் திரும்பவில்லை. கூடாரத்தில் இருந்தவர்களின் பேச்சாளரான குழந்தை மருத்துவர் அப்துல் அஜீஸ் ரன்தீஸியை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அவரும், அங்கே இருந்த இஸ்மாயில் ஹனிய்யாவும், மஹ்மூத் ஸஹ்ஹாரும் பிற்காலத்தில் ஹமாஸின் தலைவர்களானார்கள். ஒடுக்க நினைத்த இயக்கத்துக்கு அந்த நாடு கடத்தலே மேடை போட்டுக் கொடுத்தது. அந்த வருடக் கடைசிக்குள் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

இதுவரை சொன்னதற்கு நம்மில் எல்லோரும் தலையாட்டுவோம். இப்போது கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். 1990 அக்டோபரில் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30-ஆம் தேதி கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டு, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைக்குழந்தைகளோடு நடந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதியானார்கள். காரணம் என்ன? ராணுவத்துக்குத் துப்புக் கொடுப்பார்கள் என்ற சந்தேகம். பாலசிங்கம் நாடு கடத்தப்பட்டபோது அநீதி என்று குமுறிய அதே இயக்கம், ஐந்தே வருடத்தில் ஒரு சமுதாயத்தையே கடத்தியது. அது தவறு என்று 2002-ல் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே பிரபாகரன் பக்கத்தில் இருந்து பேசியவர் அதே பாலசிங்கம்தான்.

பாதிக்கப்பட்டவன் கையில் அதிகாரம் வந்தால் அவனும் இதையே செய்யக்கூடும். அதனால்தான், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்று நம் மார்க்கம் எச்சரிக்கிறது. சூரா அல்ஹுஜுராத், வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகச் சொல்கிறது. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை, ஒரு தரப்பைக் கேட்ட மாதிரி மறு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்காதே என்பதுதான்.

இப்போது நம் மஹல்லாவுக்கு வாருங்கள். ஒரு பையனைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்தது என்று கேள்விப்பட்டதும் நாம் என்ன செய்கிறோம்? அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. பேசி வைத்த சம்பந்தத்தை நிறுத்துகிறோம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். கடை முதலாளி கணக்கை முடித்து அனுப்புகிறார். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கூட வெளியே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பஸ்ஸும் இல்லை, எல்லையும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தை நாம் ஊருக்குள்ளேயே நாடு கடத்திவிட்டோம். குற்றம் நிரூபணமானால் சட்டம் தண்டிக்கட்டும், நாம் குறுக்கே நிற்க மாட்டோம். அதுவரை அவன் நம் பிள்ளை, அவன் தாய் நம் சகோதரி.

செய்யக்கூடியவை உண்டு. கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு தரும் உரிமை இது. தடுப்புக் காவல் சட்டங்களுக்கு விதி வேறு, ஆகவே எந்தச் சட்டத்தில் கைது என்று முதலில் கேளுங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி தர சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஜமாஅத்தில் இரண்டு பேராவது இதைத் தெரிந்து வைத்திருங்கள். செய்தி வந்த அன்றே அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். வாட்ஸ்அப்பில் பெயரைப் போட்டுப் பரப்பாதீர்கள்.

இதே உதவி கேட்டு வேறு மதத்துக்காரர் ஒருவர் வந்தாலும், குறுக்குப்பட்டி முகாமிலிருந்து ஓர் இலங்கைத் தமிழர் வந்தாலும், அவர்களோடும் போய் நில்லுங்கள். நமக்கு மட்டும் கேட்கிற நீதிக்கு எடை இருக்காது. அல்லாஹ் நம் அனைவரையும் நீதியில் நிலைத்திருக்கச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.