மண்ணுக்கடியில் எரியும் காற்று

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பரிசளிப்பு விழாவிலே பேச வருகிறவர்கள் "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் ஏன் படிக்கவேண்டும் என்பதற்கு ஒரு கிணற்றைச் சாட்சிக்கு அழைக்கிறேன். இது கட்டுக்கதை அல்ல, நடந்த கதை.

ஆப்பிரிக்காவிலே மாலி என்று ஒரு நாடு. அதன் தலைநகர் பமாக்கோவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் புராக்கெபுகு என்றொரு சிற்றூர். 1987-ஆம் ஆண்டு அங்கே குடிதண்ணீருக்காகக் கிணறு துளைத்தார்கள். 108 மீட்டர் போயும் தண்ணீர் இல்லை. தண்ணீருக்குப் பதிலாகக் குழிக்குள்ளிருந்து காற்று வீசியது. வேலையாள் ஒருவர் வாயில் சிகரெட்டோடு குனிந்து பார்த்தார். அவ்வளவுதான்! குபீரென்று தீப்பிடித்தது. அவர் முகம் வெந்துபோயிற்று. நல்லவேளை, உயிர் பிழைத்தார். ஊரே நடுங்கிப்போனது. தீயை அணைத்துத் துளையை மூடிவிட்டார்கள்.

மூடிய துளை இருபது ஆண்டுகளுக்கு மேல் மூடியபடியே கிடந்தது. பின்பு அலியு டியாலோ என்னும் மாலி நாட்டுத் தொழிலதிபரின் நிறுவனம் அதைத் திறந்து, வரும் காற்று என்ன காற்று என்று சோதிக்க ஏற்பாடு செய்தது. என்ன தெரியுமா? நூற்றுக்கு 98 பங்கு ஹைட்ரஜன்! 2012-இல் அதை எரித்து ஓடும் மின்னாக்கி வைத்து, அந்தச் சிற்றூருக்கு விளக்குப் போட்டார்கள். முகத்தைச் சுட்ட அதே காற்று வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது.

ஹைட்ரஜனைத் தமிழில் நீரகம் என்றும் சொல்வார்கள். அது எரிந்தால் கரியும் இல்லை, கரிவாயுவும் இல்லை, தண்ணீர்தான் உண்டாகும். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தரும். அப்படியானால் உலகம் முழுதும் இதையே பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். உலகம் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் ஹைட்ரஜனை ஆலைகளில் செய்கிறது. அதில் பெரும்பகுதியை இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் எடுக்கிறார்கள். எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் சுமார் 10 கிலோ கரிவாயு வானத்துக்குப் போகிறது. வீட்டைக் கூட்டி, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவது மாதிரி!

மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தும் எடுக்கலாம். நம் சரவாக்கில் 2019-இல் கூச்சிங்கிலே திறந்த நிலையம் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதற்குச் செலவு அதிகம். ஆகவேதான், பூமி தானாகவே செய்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் கிடைக்குமா என்று இன்றைக்குத் தேடுகிறார்கள்.

பூமி எப்படி அதைச் செய்கிறது? மாணவர்களே, இதைக் கவனியுங்கள். மழையில் நனைந்த பால் வெட்டும் கத்தியை அப்படியே போட்டுவைத்தால் என்ன ஆகும்? துருப்பிடிக்கும். இரும்பு பிராணவாயுவோடு சேர்வதுதான் துரு. பூமிக்கு அடியிலும் இரும்புச் சத்து மிகுந்த கருங்கல் உண்டு. ஆழத்தில் சூடான தண்ணீர் அந்தக் கல்லில் ஊறும்போது, அங்கே காற்று கிடையாது. ஆகவே இரும்பு, தண்ணீருக்குள் இருக்கும் பிராணவாயுவையே பிடுங்கிக்கொள்கிறது. துணையை இழந்த ஹைட்ரஜன் தனியாக வெளியே வருகிறது. கல்லோ பாம்புத் தோல் போல் பச்சை நிறமாக மாறிவிடுகிறது. இன்னொரு வழியும் உண்டு. கருங்கல்லில் உள்ள யுரேனியம், தோரியம் போன்றவற்றின் கதிர் தண்ணீரை உடைத்தும் ஹைட்ரஜன் உண்டாகும்.

உண்டானால் மட்டும் போதாது. அது எல்லா வாயுக்களிலும் இலேசானது; சின்ன இடுக்கு கிடைத்தாலும் ஓடிவிடும். மேலே மூடிபோல நல்ல பாறை இருந்தால்தான் தங்கும். மாலியிலே அப்படியொரு பாறை மூடி அமைந்திருந்தது.

இப்போது பல நாடுகள் தேடுகின்றன. பிரான்சின் லொரேன் பகுதியில் 2023-இல் மீத்தேன் வாயுவைத் தேடிப் போனவர்கள், 1,100 மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் ஹைட்ரஜன் கரைந்திருப்பதைக் கண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில், 1931-இல் எண்ணெய் தேடித் தோண்டிய ஒரு பழைய துளையின் குறிப்பில் ஹைட்ரஜன் என்று எழுதியிருந்தது. அந்தக் குறிப்பை நம்பி 2023-இல் பக்கத்திலேயே மறுபடியும் துளைத்தார்கள், ஹைட்ரஜன் இருந்தது. ஐரோப்பாவில் அல்பேனியாவின் புல்கிசே சுரங்கத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் ஹைட்ரஜன் வெளியேறுகிறது என்று 2024-இல் அறிவித்தார்கள். அதே சுரங்கத்தில் வாயு வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டிருக்கிறார்கள். நன்மையும் ஆபத்தும் ஒரே துளையிலிருந்துதான் வருகின்றன.

நம் பக்கம் என்ன நிலைமை என்று கேட்பீர்கள். சபாவிலே ரானாவ், தெலுபிட் பக்கங்களில் நான் சொன்ன இரும்புக் கருங்கல் நிறைய உண்டு. தீபகற்பத்திலே ராவுப், பெந்தோங் வழியாக ஒரு பழங்காலக் கடலின் தழும்பு தெற்கே நம் மலாக்கா வரைக்கும் வருகிறது என்று நிலவியலார் சொல்கிறார்கள். அந்தத் தழும்பிலே அந்தப் பச்சைக் கல் ஆங்காங்கே துண்டு துண்டாகத் தெரிகிறது. ஆனால் கல் இருந்தால் வாயு இருக்கும் என்று அர்த்தமில்லை. காடேக்கிலும் ஜாசின் பெம்பானிலும் வெந்நீர் ஊற்று இருப்பதை வைத்து, "அடியிலே ஹைட்ரஜன் இருக்கிறது, பணம் போடுங்கள்" என்று நாளைக்கு யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் நம்பிவிடாதீர்கள். சோதித்த தாள் எங்கே என்று கேளுங்கள். கேட்கத் தெரிவதற்குத்தான் படிப்பு.

பெற்றோர்களே, இனி உங்களிடம் சில வார்த்தை. நம் பாட்டன்மார் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். மரத்தின் ஒவ்வொரு வெட்டும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் மண் அவர்களுடையது அல்ல. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, லயத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறினவர்கள் அவர்களே. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசுதான் தோட்டங்களை வாங்கியது. மண்ணை வாங்கலாம் என்று அன்று கற்றுக்கொண்டோம். மண்ணுக்கு அடியில் இருப்பதைக் காசு கொடுத்து மட்டும் கைக்கொள்ள முடியாது. அதற்கு அறிவு வேண்டும்.

மாலியிலே அந்தத் துளை ஏன் அத்தனை ஆண்டு மூடிக்கிடந்தது? தண்ணீர் தேடினவர்களுக்குத் தண்ணீர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. வந்த காற்று என்ன என்று பிடித்துச் சோதிக்க அன்றைக்கு யாரும் முன்வரவில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்தார்கள், காலடியிலே விளக்கு இருக்க!

நம் பிள்ளைகள் பலர் ஆறாம் ஆண்டு வரை அறிவியலில் நல்ல புள்ளி வாங்குகிறார்கள். இடைநிலைப்பள்ளி போய், படிவம் நான்கில் "அறிவியல் கஷ்டம், வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டிலும் "சீக்கிரம் வேலைக்குப் போனால் சரி" என்று விட்டுவிடுகிறோம். குடும்பக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்கிறேன்: பிள்ளை அறிவியலில் விருப்பமாக இருந்தால் அந்த வாசலை நீங்களாக மூடாதீர்கள். ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் கற்பிக்கிறார்கள். கல்லையும் மண்ணையும் படிப்பதும் ஒரு படிப்புத்தான். தலைமுறை தலைமுறையாக மண்ணிலே பாடுபட்டவர்களின் பிள்ளைகளுக்கு அது அந்நியமான படிப்பா, சொல்லுங்கள்!

மாணவச் செல்வங்களே, பழைய கிணற்றிலோ குழியிலோ வினோதமான வாடையோ குமிழியோ கண்டால் கிட்டே போகாதீர்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். பெரியவர்களிடம் சொல்லுங்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கும் வரைக்கும் கேளுங்கள். ஏன், எப்படி என்று கேட்டு ஆசிரியரைத் தொந்தரவு செய்கிற பிள்ளைக்கும் வருங்காலத்தில் இந்த மேடையிலே ஒரு பரிசு வைக்கவேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் இப்போதே வாழ்த்துகள்.