பெயரைப் பதிந்துவிட்டு ஏறுங்கள்

(மாத்தளையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது மாவட்டத்துச் சீகிரியாவைப் பார்க்காதவர்கள் குறைவு. பாறை நடுவே இருக்கும் ஓவியங்களுக்கு இன்று படிக்கட்டில் போகிறோம். 1889ஆம் ஆண்டு அங்கே வழியே இல்லை. பொது வேலைத் திணைக்களத்து மரே என்ற வெள்ளைக்காரர் ஏறப் பார்த்தார். அங்கே பிசாசு இருக்கிறது என்று ஊரார் வர மறுத்தார்கள். தமிழ்க் கல் வேலைக்காரர்கள்தான் பாறையில் துளை போட்டு, இரும்புக் கம்பிகளை இறுக்கி, மேலே வழி அமைத்தார்கள். உயரம் கூடக் கூட ஒவ்வொருவராகப் பயந்து இறங்கிவிட, கடைசியில் மெலிந்த ஒருவர் மட்டுமே மிஞ்சினார்.

மரேயின் பெயர் நமக்குத் தெரியும். அந்தத் தொழிலாளியின் பெயர் தெரியாது.

நூற்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் நமது லயத்துப் பிள்ளைகள் கொழும்பில் மாடிக் கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிக்கவும் கண்ணாடி துடைக்கவும் கயிற்றில் தொங்குகிறார்கள். தோட்டத்திலும் கிளை வெட்ட மரம் ஏறுகிறோம். கொந்தராத்துக்காரர் கூப்பிட்டார், போனோம் என்றுதான் பலரும் போகிறோம். எந்தப் புத்தகத்திலும் நம் பெயர் இருப்பதில்லை.

தம்பிமாரே, மூன்று விஷயங்களைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

முதலாவது, இரண்டாவது கயிறு. ஒரு கயிற்றில் வேலை, மற்றதில் உயிர். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டக் கூடாது. வேறு வேறு இடத்தில் கட்ட வேண்டும். சுவர் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் கனமான உறை போட வேண்டும்.

இரண்டாவது, இறக்கும் ஆள். மயங்கி உடல் பட்டியில் அசையாமல் தொங்குகிறவருக்குச் சில நிமிடங்களிலேயே உயிராபத்து வரும். வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க முடியாது. யார், எப்படி இறக்குவார் என்பதை ஏறுமுன் கேளுங்கள்.

மூன்றாவது, பெயர்ப் பதிவு. வேலையில் விபத்து நடந்தால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டு முதலே சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று காட்ட வேண்டுமே! சம்பளச் சிட்டை, சேமலாப நிதி இலக்கம், முதலாளியின் பெயர், விலாசம், இவற்றின் பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அம்மாமாரே, பிள்ளை பயணம் புறப்படும்போது சோற்றுப் பொட்டலத்தோடு இதையும் கேளுங்கள்.

பயமாக இருக்கிறது என்று சொல்வது வெட்கமில்லை. சீகிரியாவில் இறங்கி வந்தவர்களும் உழைப்பாளிகள்தான். அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. தனியாக மறுத்தால் வேலை போகும் என்று பயப்படுகிறீர்களா? ஏறுமுன் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள். விழுந்த பிறகு சொல்வதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள்.