ஒரு பெட்டிக்குள் இரண்டு உடைமைகள்



சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர் வாசகசாலைக்குப் புதிய கூடம் ஒன்று எழுப்ப முனைந்தோம். அடித்தளம், சுவர், கூரை, மின்கம்பி, பூச்சு என வேலைகளைப் பகுத்து, எது முடிந்தபின் எது தொடங்குவது என்று நாள் குறிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கான்ட் புராஜெக்ட் என்னும் மென்பொருளை என் கணிப்பொறியில் நிறுவிக்கொண்டேன். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் (1861–1919) பரப்பிய முறைப்படி, அது ஒவ்வொரு வேலையையும் நாட்காட்டியின் கீழ் ஒரு பட்டையாக வரைந்து காட்டும். இணையம் வேண்டுவதில்லை, திட்டம் என் வன்தட்டிலேயே இருக்கும். எவர் தயவும் தேவையில்லை என்று இறுமாந்திருந்தேன்.

ஒருநாள் வன்தட்டு பழுதாயிற்று.

மென்பொருளை அன்று மாலையே வேறொரு கணிப்பொறியில் மீண்டும் நிறுவிவிட்டேன். திட்டம் மட்டும் திரும்பவில்லை. ஒரே பெட்டிக்குள் இருவேறு உடைமைகள் இருந்தன என்பது அப்போதுதான் எனக்குப் புலனாயிற்று. மென்பொருள் பிறர் இயற்றியது. அதைப் பயன்படுத்தும் உரிமமே நமக்குக் கிடைப்பது. திட்டமோ முற்றிலும் நம் உழைப்பு. அதைக் காப்பதும் நம் தலையிலேயே விடிகிறது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பு என்றே வகைப்படுத்துகிறது. கம்பனுக்கும் கூலிக்கணக்குப் போடும் நிரலுக்கும் ஒரே பந்தியா என்று என் நண்பரான தமிழாசிரியர் நகைப்பார். ஆயினும் அச்சட்டம் பயனாளரை மறந்துவிடவில்லை. முறைப்படி நிரலைப் பெற்றவர், இழப்புக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பாகக் காப்புப்படி எடுத்துக்கொள்ளலாம். அதன் அடிப்படைக் கருத்துக்களை அறிவதற்காக அது இயங்கும் விதத்தை ஆராய்ந்தும் பார்க்கலாம் என்கிறது 52ஆம் பிரிவு. விலைக்கு வாங்கிய நிரலின் காப்புப்படியை விடுதித் தோழருக்கு வழங்க அப்பிரிவு இடந்தருவதில்லை. திருட்டுப்படி என அறிந்தே அதைப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கவும் சட்டத்தில் வழியுண்டு.

கான்ட் புராஜெக்டின் நிலை வேறு. அது குனு பொது உரிமத்தின்கீழ் வெளிவருவது. எக்காரியத்துக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், தோழருக்குத் தாராளமாக வழங்கலாம். திருத்தியதை வழங்குவோர் அதன் மூலத்தையும் அதே உரிமத்தோடு கிடைக்கச் செய்தல் வேண்டும். உத்தரவாதம் எதுவும் இல்லை என்பதையும் அவ்வுரிமம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இதை நிறுவும்போது நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? நான் படிக்கவில்லை.

பழுதான வன்தட்டைக் கடையில் நீட்டும்போது மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. கொத்தனார்கள், சித்தாட்கள் ஆகியோரின் பெயர், கூலி, தொலைபேசி எண் அனைத்தும் அதில் இருந்தன. என் திட்டம் என்றேன். அவர்களுடைய செய்திகளை நான் யாரிடம் கேட்டுக் கடைக்காரரிடம் கொடுக்கிறேன்? கை பின்வாங்கியது. வன்தட்டைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

வாசகசாலைக் காவலர், மூன்று வாரங்களுக்கு முன் நான் அச்சிட்டுத் தந்த தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்து நான்கு இரவுகள் விழித்துத் திட்டத்தை மீண்டும் எழுதினேன். இப்போது அதன் படி ஒன்று பென் டிரைவில் வாசகசாலை அலமாரிக்குள் இருக்கிறது. கோப்புக்குக் கடவுச்சொல் இட்டிருக்கிறேன். அலமாரிச் சாவி செயலாளரிடம் இருக்கிறது.