தறிக்குழிக்குள் ஒரு பாடம்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் பக்கம் பட்டு நெசவாளர் வீடு ஒன்றையும் பார்த்துவிடலாம்.

வீட்டுக்குள்ளேயே குழித்தறி. குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவர் மிதியை அழுத்த, பாவு இரண்டாகப் பிரியும், நாடா பாயும், பலகை வந்து 'டக்'கென்று அடிக்கும். அந்தப் பக்கம் வீட்டம்மா நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றிக்கொண்டிருப்பார். கூலி ஒரு சேலைக்கு, உழைப்போ ஒரு குடும்பத்தினுடையது!

தறிக்கு மேலே தொங்கும் துளையட்டைகளைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய உத்தி அது. துளை இருந்தால் அந்த இழை எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும். பூவும் மயிலும் அப்படித்தான் விழுகின்றன. ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பு எந்திரத்துக்கும் இதே அட்டை முறையைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். வெளிநாட்டார் வருவது இருக்கட்டும். பெரம்பலூர், அரியலூர் ஆசிரியர்களே, அன்றைக்கு உங்கள் பிள்ளைகளை ஒரு தறி வீட்டுக்கு அழைத்துப் போங்களேன்.