3,200 ரூபாய் கத்தி பீரோவுக்குள்ள போன கதை

பஸ்ல நின்னுக்கிட்டே கேட்கிறவங்களுக்கு வணக்கம். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்கிறவங்களுக்கு இன்னிக்கு ஸ்பெஷல் வணக்கம். ஏன்னா இன்னிக்குப் பேச்சே உங்க கையில இருக்கிற ஸ்க்ரப்பர் மாதிரி பொருட்களைப் பத்தினதுதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு கத்தி வாங்கிட்டுப் போனேன். விலை 3,200 ரூபாய். ஃபிரெண்ட்ஸ் க்ரூப்ல போட்டோ போட்டேன். "வெங்காயம் வெட்ட மூவாயிரமாடா? வெங்காயத்தைவிட நீதான் கண்ணுல தண்ணி வரவைக்கிற"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். அன்னிக்கு ராத்திரி முழுக்க ஓட்டினாங்க. இத்தனைக்கும் அந்தக் க்ரூப்ல இருக்கிற பாதிப் பேர் 60,000 ரூபாய்க்கு மேல போன் வெச்சிருக்கிறவங்க. அதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசலை.

சரி, கேள்வி இதுதான். வாளி, மாப்பு, கத்தி, ஃபேன், கிரைண்டர். யாரும் போட்டோ எடுக்காத இந்தச் சாமான்களுக்கு அதிகமா செலவு பண்றது புத்திசாலித்தனமா, இல்ல கொழுப்பா?

நான் இன்ஜினியர், அதனால முதல்ல எக்ஸெல் ஷீட் திறந்துட்டேன். சீலிங் ஃபேனை எடுத்துப்போம். பழைய மாடல் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட். பழைய இண்டக்ஷன் மோட்டார்ல ரோட்டர்லயும் கரன்ட் ஓடி சூடாகும். பிஎல்டிசில ரோட்டர்ல நிரந்தரக் காந்தம் இருக்கு, அதனால அந்த நஷ்டம் இல்லை. வித்தியாசம் 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுதுன்னா 0.54 யூனிட். வருஷத்துக்கு 197 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய்ன்னு வெச்சுக்கிட்டா, ஒரே ஒரு ஃபேன்ல வருஷத்துக்கு 1,180 ரூபாய் மிச்சம். கடையில 1,500 ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கியிருந்தாலும் ஒன்றரை வருஷத்துக்குள்ள திரும்பிடும். உங்க வீட்டு இ.பி. ஸ்லாப்பைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும் குறையும். ஆனா கணக்கு போடற முறை இதுதான்.

அதே சமயம், விலை அதிகம்ன்னா தரம் அதிகம்ன்னு அர்த்தம் இல்லை. தோசைக்கல்லை எடுத்துக்கோங்க. ஊர்ச் சந்தையில வாங்கின இரும்புக் கல்லைப் பழக்கி எடுத்துட்டா, எண்ணெய் சூட்டுல இறுகிப் படலமா ஒட்டிக்கும். வருஷம் ஆக ஆக தோசை இன்னும் அழகா எழும்பும். அதைவிட ரெண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கின நான்-ஸ்டிக் தவா என்கிட்ட ரெண்டே வருஷத்துல உரிஞ்சுபோச்சு. எவர்சில்வர் டம்ளரும் அப்படித்தான். சாதாரண டம்ளர் செய்யற வேலையை ஆயிரம் ரூபா டம்ளரும் அப்படியேதான் செய்யும்.

இதைப் பத்தி தோர்ஸ்டீன் வெப்லன்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1899-லேயே எழுதியிருக்கார். 'தி தியரி ஆஃப் த லெஷர் கிளாஸ்'ங்கிற புத்தகத்துல கையால செஞ்ச வெள்ளி ஸ்பூனையும் மெஷின்ல செஞ்ச அலுமினிய ஸ்பூனையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறார். முதல்ல சொன்னது 10-லிருந்து 20 டாலர். ரெண்டாவது 10-லிருந்து 20 சென்ட். நூறு மடங்கு வித்தியாசம். ஆனா சாப்பிடறதுக்கு வெள்ளி ஸ்பூன் அப்படியொண்ணும் பெருசா உதவறதில்லை. நாம காசு கொடுக்கிறதுல பெரும்பகுதி, அது விலை உயர்ந்ததுங்கிற நினைப்புக்குத்தான்னு அவர் வாதம்.

இதைப் படிச்சப்போ எனக்கு சுருக்குன்னு இருந்தது. என் சென்னை ஃபிளாட்ல ஒரு காபி கெட்டில் இருக்கு. அன்னப்பறவை கழுத்து மாதிரி மூக்கு, டிகிரி காட்டற டிஸ்பிளே, 7,000 ரூபாய். மொத்தமா ஒரு இருபது தடவை காபி போட்டிருப்பேன். மத்த நாள் எல்லாம் ஆபீஸ் மெஷின்தான். அப்போ ஒரு காபிக்கு கெட்டில் வாடகை மட்டும் 350 ரூபாய். அதுதான் என் வெள்ளி ஸ்பூன்.

அதே ஃபிளாட்ல ஒரு மாப்பு. 180 ரூபாய். வீடு துடைக்க வர்ற அக்கா அதைத் தொட்டதே இல்லை. ரொம்ப நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன். பையில இருந்து பழைய துணியை எடுத்து, குனிஞ்சு தரையைத் துடைச்சிட்டிருந்தாங்க. "ஏன்கா மாப்பு இருக்கே?"ன்னேன். "அதோட கம்பு குட்டை தம்பி, அதுக்கும் குனிஞ்சுதான் நிக்கணும். பிழிஞ்சா கை வேற எரியுது. அதுக்கு இந்தத் துணியே தேவலை"ன்னாங்க. எட்டு மாசமா அந்த மாப்பு என் வீட்டுல இருக்கு. கெட்டில் வாங்க ரெண்டு நாள் ரிவ்யூ வீடியோ பார்த்தேன். மாப்பு வாங்க பத்து செகண்ட் ஆச்சு.

ஏன் அப்படி? கெட்டில் என் கைக்கு. மாப்பு என் கைக்கு இல்லை. என் எக்ஸெல் ஷீட்ல விலை, ஆயுசு, எத்தனை தடவை பயன்படுத்தறோம் எல்லாத்துக்கும் காலம் இருந்தது. யார் பயன்படுத்தறாங்கங்கிற காலம் இல்லவே இல்லை.

இப்போ கத்திக்கு வர்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், திண்டுக்கல். அம்மா பிரிச்சுப் பார்த்தாங்க. "நல்லாருக்குடா"ன்னாங்க. விலையைக் குறைச்சுத்தான் சொன்னேன், அதுக்கே நெஞ்சுல கை வெச்சாங்க. அப்புறம் அட்டைப் பெட்டியோட பீரோவுல, பட்டுப்புடவைக்குக் கீழே வெச்சுப் பூட்டிட்டாங்க. "விருந்தாளி வந்தா எடுக்கலாம்." நல்ல பாத்திரம், நல்ல பெட்ஷீட், நல்ல டீ கப் எல்லாம் யாரோ வரப்போறாங்கன்னு காத்திருக்கிற அதே பீரோ. கத்தியும் போய்ச் சேர்ந்துடுச்சு. மறுநாள் காலையில அம்மா அதே பழைய அரிவாள்மனையில உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிட்டிருந்தாங்க.

எனக்குக் கோபம். "உனக்குன்னு வாங்கிட்டு வந்தா ஏம்மா இப்படி?"ன்னு கத்தினேன். அவங்க நறுக்கறதை நிறுத்தாமலே சொன்னாங்க: "எனக்குக் கத்தி வேணும்னு நான் எப்படா கேட்டேன்?"

உண்மைதானே? கேட்கவே இல்லை. அப்போதான் முதல் தடவையா கேட்டேன். "சரி, உனக்கு இந்த அடுப்படியில எதுதான் கஷ்டமா இருக்கு?"

கொஞ்ச நேரம் "ஒண்ணுமில்லை, எல்லாம் போதும்"தான். அப்புறம் மெதுவா வந்தது. கிரைண்டர். எங்க வீட்டுல இருந்தது சாதாரண டேபிள் டாப். மாவு ஆட்டி முடிச்சதும் கல்லை எடுத்து வெச்சு, மாவோட டிரம்மைத் தூக்கிக் கவுத்தணும். டிரம் அடியிலயும் கல், அதனால நல்ல கனம். அம்மாவுக்கு வலது தோள்பட்டையில ரெண்டு வருஷமா வலி. கை ஒரு உயரத்துக்கு மேல போகாது. அதனால என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? டிரம் கனக்கக்கூடாதுன்னு பாதி அளவு மாவு ஆட்ட ஆரம்பிச்சிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை ஆட்டினது நாலு தடவை ஆயிடுச்சு. வேலை ரெண்டு மடங்கு. வீட்டுல இருந்த எங்க எல்லாருக்கும் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்: "இப்பல்லாம் மாவு புளிக்காம ஃபிரெஷ்ஷா இருக்கே!" நானே அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கேன்.

சாய்ச்சு ஊத்தற டில்டிங் கிரைண்டர்னு ஒண்ணு இருக்குன்னு அம்மாவுக்கு நல்லாவே தெரியும். மூணு வருஷம் முன்னாடி அப்பாகிட்ட சொல்லியிருக்காங்க. "இருக்கிறது நல்லாத்தானே ஓடுது"ன்னு அப்பா சொல்லியிருக்கார். அப்பா கெட்டவர் இல்லை. அவர் பார்வையில மோட்டார் ஓடுது, மாவு வருது, அவ்வளவுதான். அதே வருஷம் ஹாலுக்கு 43 இன்ச் டிவி வந்தது. அதுக்கு ஈ.எம்.ஐ. கட்டினது நான். பழைய டிவியும் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது.

இந்த இடத்துல ஒரு பழைய ஞாபகம். 2006 தேர்தலுக்கு அப்புறம் நம்ம ஊர்ல அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தது. 2011-ல அடுத்து வந்த அரசாங்கம் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பிச்சது. நான் அப்போ பத்தாவது. டீக்கடையில பெரியவங்க "இலவசம் கொடுத்தே ஜனங்களைக் கெடுக்கறாங்க"ன்னு பேசுவாங்க. வீட்டுக்கு வந்து நான் அதையே ஒப்பிச்சேன். பாட்டி திண்ணையில உட்கார்ந்துக்கிட்டு, "ஆட்டுக்கல்லுல ஒரு நாள் ஆட்டிட்டு வந்து பேசு"ன்னாங்க. அந்தத் திட்டம் சரியா தப்பாங்கிற விவாதத்துக்கு இப்போ நான் போகலை. பாட்டி சொன்னதுல ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரிய பதிமூணு வருஷம் ஆச்சு. ஒரு பொருள் அநாவசியமா அவசியமான்னு, அதைத் தொடாதவங்க உட்கார்ந்து முடிவு பண்றோம்.

டில்டிங் கிரைண்டர் வாங்கினோம். பழைய மாடலையே புதுசா வாங்கறதைவிட 4,200 ரூபாய் அதிகம். வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா வருஷத்துக்கு நூறு சொச்சம். பத்து வருஷம் ஓடினா ஆயிரம் தடவை. அதாவது, அம்மா ஒரு தடவை அந்த டிரம்மைத் தூக்காம இருக்கறதுக்கு விலை சுமார் 4 ரூபாய். இந்த 4 ரூபாயைத்தான் நாங்க ஒரு குடும்பமா மூணு வருஷம் மிச்சம் பிடிச்சிருக்கோம். அதுக்கு பதிலா கொடுத்தது அவங்க தோள்பட்டை.

தோள் வலி போயிடுச்சான்னு கேட்டா, இல்லை. பிஸியோதெரபி போயிட்டிருக்காங்க, கொஞ்சம் தேவலை. கிரைண்டர் வலியைக் குணமாக்காது. ஆனா மாவு மறுபடியும் வாரத்துக்கு ரெண்டு தடவைதான்.

அப்போ என் பதில் என்ன? வீட்டுச் சாமானுக்கு அதிகமா செலவு பண்ணலாமா? பண்ணலாம், ஆனா வாங்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கறேன். தினமும் எவ்வளவு நேரம் ஓடப்போகுது? யார் கையில ஓடப்போகுது? அவங்ககிட்ட கேட்டேனா? கெட்டில் முதல் கேள்வியிலேயே ஃபெயில். கத்தி மூணாவதுல ஃபெயில். மாப்பு வாங்கும்போது நான் ஒரு கேள்வியும் கேட்கலை. எல்லார்கிட்டயும் எல்லாத்தையும் மாத்தற அளவுக்குக் காசு இருக்காது, என்கிட்டயும் இல்லை. ஒரு வருஷத்துக்கு ஒரு பொருள் மாத்தலாம். அதைத் தேர்ந்தெடுக்கிறது, அதை வெச்சு வேலை செய்யறவங்களா இருக்கட்டும்.

போன வாரம் அக்காவைக் கூட்டிட்டு பக்கத்துக் கடைக்குப் போனேன். நாலஞ்சு மாப்பைக் கையில பிடிச்சுப் பார்த்து, கம்பு உயரமா, மிதிச்சா பிழியற வாளியோட ஒண்ணைக் காட்டினாங்க. 1,400 ரூபாய். கடையிலேயே விலை உயர்ந்தது அது இல்லைங்கிறதையும் சொல்லிடறேன்.

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது "சாப்டியா"வுக்கு அப்புறம் இந்தக் கேள்வியையும் கேட்டுப் பாருங்க: அடுப்படியில உனக்கு எது கஷ்டமா இருக்கு? முதல் பதில் "ஒண்ணுமில்லை"ன்னுதான் வரும். போனை வெச்சிடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கும் எழுதி அனுப்புங்க.

கத்தி இன்னும் பீரோவுலதான் இருக்கு. போன மாசம் மாமா குடும்பத்தோட வந்தப்போ வெளியே எடுத்து, எல்லாருக்கும் காட்டிட்டு, திரும்ப உள்ளே வெச்சிட்டாங்களாம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வணக்கம்.