வேலையை விட்ட பிறகு உங்கள் மருத்துவக் காப்புறுதி



உங்களில் பலர் முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். அந்தக் காலத்தில் உங்கள் பணப்பையில் நிறுவனம் கொடுத்த மருத்துவ அட்டை ஒன்று இருந்திருக்கும். காய்ச்சல் என்றால் மருந்தகத்தில் அதைக் காட்டினால் போதும். மருத்துவமனையில் சேர்ந்தாலும் பில் நிறுவனத்துக்குப் போய்விடும். வேலையை விடும் நாளில் சாவி, சீருடை, பாஸ் ஆகியவற்றோடு அந்த அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அதன் பிறகு சிலர், "எனக்கு இனி எந்தக் காப்புறுதியும் இல்லை" என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர், "எல்லாவற்றையும் மெடிஷீல்டு பார்த்துக்கொள்ளும்" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. பயப்படுகிறவர் அவசரப்பட்டு எதையாவது வாங்கிவிடுவார். நிம்மதியாக இருக்கிறவர், தாம் நினைத்திருந்த வார்டு வேறு, காப்புறுதி கொடுக்கும் வார்டு வேறு என்பதை மருத்துவமனைப் பில் வந்த பிறகுதான் தெரிந்துகொள்வார்.

முதலில் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசி என்றால் உங்களுக்கு மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது. 2015 நவம்பர் 1 முதல் இது எல்லாருக்கும் ஆயுள் முழுவதும் உண்டு. நீரிழிவு, இருதய நோய் என்று முன்பே நோய் இருந்தாலும் உண்டு. வேலை போனாலும் இது போகாது. சந்தா முழுவதையும் மெடிசேவ் கணக்கிலிருந்தே கட்டலாம். பெரும்பாலோருக்கு அது தானாகவே கழிக்கப்படுவதால், கட்டுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் அது எதற்காக அமைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் பி2, சி வகுப்பு வார்டுகளில் மானியத்தோடு பெறும் சிகிச்சைக்கு ஏற்றபடிதான் மெடிஷீல்டு லைஃப் அமைந்திருக்கிறது. ஏ வகுப்பு வார்டிலோ தனியார் மருத்துவமனையிலோ சேரக்கூடாது என்றில்லை. ஆனால் அப்போது மெடிஷீல்டு லைஃப் கொடுப்பது பில்லில் சிறு பங்காகத்தான் இருக்கும். மீதி உங்கள் பொறுப்பு. பி2, சி வார்டிலும் முழுப் பில்லையும் அது கட்டாது. முதலில் ஒரு குறிப்பிட்ட தொகையை நீங்கள் கட்ட வேண்டும். அதற்கு மேல் வரும் தொகையிலும் 3 முதல் 10 விழுக்காடு உங்கள் பங்கு. இவற்றுக்கு மெடிசேவைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம். ஏஜெண்டுகள் "ஷீல்டு பிளான்" என்று சொல்வது இதைத்தான். இது மெடிஷீல்டு லைஃபின் மேல் தனியார் காப்புறுதி நிறுவனம் கட்டிய இன்னொரு மாடி மாதிரி. பி1, ஏ வார்டு அல்லது தனியார் மருத்துவமனை வேண்டும் என்பவர்களுக்கானது. உங்களில் சிலரிடம் இது ஏற்கெனவே இருக்கும், மறந்திருப்பீர்கள். பிள்ளைகள் எடுத்துக் கொடுத்திருக்கலாம். சந்தாவை நிறுவனம் கட்டியிருக்கலாம். வேலையை விட்டதும் சந்தாக் கடிதம் உங்கள் பெயருக்கு வரும். அதை விளம்பரக் கடிதம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். சந்தாவைத் தொடர்ந்து கட்டும்வரை உங்கள் உடல்நிலை மோசமாகிவிட்டது என்று சொல்லி அந்தத் திட்டத்தை நிறுத்த முடியாது. கட்டாமல் விட்டுத் திட்டம் காலாவதியானால் கதை வேறு. திரும்பச் சேரும்போது உடல்நிலையைப் பற்றிய கேள்விகள் முதலிலிருந்து வரும்.

அந்தக் கேள்விகள்தான் நம் வயதில் பெரிய விஷயம். ஓர் உதாரணம் பார்ப்போம். 64 வயது ஐயா ஒருவர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். பத்து ஆண்டுகளாக நீரிழிவு, ஒருமுறை இருதயத்தில் ஸ்டெண்ட் வைத்திருக்கிறார். நிறுவனக் காப்புறுதி இருந்தபோது இதையெல்லாம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது புதிதாக ஒருங்கிணைந்த திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். காப்புறுதி நிறுவனம் விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். அல்லது இருதய நோய்க்குத் தனியார் பகுதியில் காப்புறுதி இல்லை என்ற நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளலாம். அப்படி ஏற்றுக்கொண்டால், அவருக்கு வருவதற்கு அதிக வாய்ப்புள்ள நோய்க்கே கூடுதல் பாதுகாப்பு இல்லாமல், அவர் ஆண்டுதோறும் கூடுதல் சந்தா கட்டிக்கொண்டிருப்பார். அவர் வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். மெடிஷீல்டு லைஃப் அவருடைய இருதயத்துக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. அந்தப் பணத்தை அவர் கையில் வைத்துக்கொள்ளலாம்.

நோயை மறைத்துக் கையெழுத்துப் போடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. வேண்டவே வேண்டாம். கோரிக்கை வரும்போது பழைய மருத்துவக் குறிப்புகளைப் பார்ப்பார்கள். அப்போது பணமும் கிடைக்காது, கட்டிய சந்தாவும் வீண்.

உடல்நிலை நன்றாக இருப்பவர்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைய சந்தாவை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் 75 வயதில், 85 வயதில் அந்தத் திட்டத்தின் சந்தா எவ்வளவு என்று அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். வயது ஏற ஏறத் தனியார் பகுதியின் சந்தா வேகமாக உயரும். அதற்காக மெடிசேவிலிருந்து எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு: 70 வயது வரை ஆண்டுக்கு 600 வெள்ளி, அதற்கு மேல் 900 வெள்ளி. தனியார் பகுதியின் சந்தா 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 900 போக 1,100 வெள்ளியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரைடர் இருந்தால் அதன் சந்தா முழுவதுமே ரொக்கம். சம்பளம் இல்லாத காலத்தில் இந்த ரொக்கம் எங்கிருந்து வரும்? "பிள்ளைகள் கட்டுவார்கள்" என்றால், அவர்களிடம் இப்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

ரொக்கம் கட்டுவது சிரமம் என்றால் திட்டத்தை ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. அதே காப்புறுதி நிறுவனத்தில் கீழ்நிலைத் திட்டத்துக்கு மாறலாம். தனியார் மருத்துவமனைக்கான திட்டத்திலிருந்து பி1 வார்டுக்கான திட்டத்துக்கு வருவது போல. இறங்குவது சுலபம், மீண்டும் ஏறுவது கடினம். அதனால் யோசித்து இறங்குங்கள். வேறு காப்புறுதி நிறுவனத்துக்கு மாற நினைத்தால், புதியவர்கள் உங்களை ஏற்றுக்கொண்டு, எந்தெந்த நோய்க்குக் காப்புறுதி இல்லை என்பதையும் எழுத்தில் தரும் வரை பழையதைக் கைவிடாதீர்கள். புதிய திட்டம் கைக்கு வந்த பிறகு, படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல 21 நாள் அவகாசம் உண்டு. பேரப்பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் வேலையின் கடைசி நாளுக்கு முன்பே தொடங்குவது நல்லது. மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள்: என் காப்புறுதி எந்தத் தேதியோடு முடிகிறது? சில நிறுவனங்களின் திட்டம் வேலையை விட்ட பிறகும் 12 மாதம் வரை தொடரும். கண்புரை, முழங்கால் என்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், எந்தத் தேதி என்பது முக்கியம். மறுவேலை நியமனத்தில் தொடர்பவர்களும் கேட்க வேண்டும். 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலை நியமன வயது 69. வேலை அதேதான் என்றாலும் புதிய ஒப்பந்தத்தில் மருத்துவச் சலுகை மாறியிருக்கலாம்.

பலர் யோசிக்காத ஒன்று, வாழ்க்கைத்துணை. உங்கள் மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்து நீண்டகால வருகை அட்டையில் இருக்கிறார் என்றால் அவருக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது. இதுவரை உங்கள் நிறுவனக் காப்புறுதியில் அவர் பெயரும் இருந்திருந்தால், உங்கள் கடைசி வேலை நாளன்று அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போய்விடுகிறது. அவருக்குத்தான் முதலில் தனியார் காப்புறுதி தேட வேண்டும்.

ஊருக்குப் போய் இரண்டு மாதம், மூன்று மாதம் தங்குகிறவர்களும் கவனியுங்கள். மெடிஷீல்டு லைஃப் சிங்கப்பூரில் பெறும் சிகிச்சைக்குத்தான். திருச்சியில் விழுந்து எலும்பு முறிந்தால் அது உதவாது. பயணக் காப்புறுதி எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். அதிலும் பழைய நோய்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

சளி, காய்ச்சல், மாத ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றுக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது. பலதுறை மருந்தகம் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே உள்ள மருந்தகத்தில் சாஸ் அட்டை, முன்னோடித் தலைமுறை அட்டை அல்லது மெர்டேக்கா தலைமுறை அட்டையைக் காட்டினால் கழிவு உண்டு. நிறுவன அட்டை இருந்ததால் இதுவரை சாஸ் அட்டைக்கு விண்ணப்பிக்காதவர்கள் இப்போது விண்ணப்பியுங்கள்.

சந்தாவைப் பற்றிய கவலைக்கும் வழி இருக்கிறது. குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த சிங்கப்பூரர்களுக்கு மெடிஷீல்டு லைஃப் சந்தாவில் 50 விழுக்காடு வரை மானியம் உண்டு. 1949 அல்லது அதற்கு முன் பிறந்த முன்னோடித் தலைமுறையினருக்கு 40 முதல் 60 விழுக்காடு. 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையினருக்குக் கூடுதலாக 5 விழுக்காடு, 75 வயதுக்குப் பிறகு 10 விழுக்காடு. உங்கள் மெடிசேவில் பணம் தீர்ந்துபோனால் பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். மருத்துவமனையில் இருக்கும்போதே பில்லை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றால், மருத்துவ சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். எல்லா மானியமும் காப்புறுதியும் போக மீதியைக் கட்ட முடியாத சிங்கப்பூரர்களுக்கு மெடிஃபண்ட் இருக்கிறது. கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

உங்கள் பெயரில் இப்போது என்ன காப்புறுதி இருக்கிறது என்று தெரியவில்லையா? சிங்பாஸ் மூலம் மத்திய சேம நிதிக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். கைப்பேசி பழக்கமில்லை என்றால், முன்பதிவு செய்துகொண்டு தெம்பனிஸ், பீஷான், ஜூரோங், உட்லண்ட்ஸ், மேக்ஸ்வெல் ஆகிய இடங்களில் உள்ள கழகத்தின் சேவை நிலையம் ஒன்றுக்குப் போகலாம். அடையாள அட்டையையும், வீட்டில் இருக்கும் காப்புறுதிக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எது முக்கியம், எது வேண்டாதது என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டாம்.